தெளிவாகத் தெரிந்த கண்

சிறு வயதிலிருந்தே தடித்த கண்ணாடி போட்டவன் நான். கல்யாணத்துக்கு முன் அதைக் கழற்றிவிட நினைத்து, லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். வலியே இல்லை. மறுநாள் எங்கள் ராயபுரத்து வீட்டு மொட்டைமாடியிலிருந்து துறைமுகத்துக் கிரேன்கள் பளிச்சென்று தெரிந்தன. அந்தத் தெளிவுதான் என்னை ஏமாற்றியது.

"கண்ணைக் கசக்காதீங்க, தூசி பக்கமே போகாதீங்க" என்று டாக்டர் எச்சரித்திருந்தார். நானோ அந்த வாரமே சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்கு வேலைக்குப் போனேன்.

"இன்னா மாமு, அதுக்குள்ள வந்துட்ட? இங்க ஒரே இரும்புத் தூளா கீது, வூட்டுக்குப் போ" என்றான் கூட வேலை செய்யும் காதர். நான் சிரித்தேன்.

தகடு அறுக்கும் இடத்தைக் கடக்கும்போது வலது கண்ணில் ஏதோ உறுத்தியது. பழக்கதோஷத்தில் கசக்கிவிட்டேன். கையை எடுத்தால், எதிரே நின்ற காதரின் முகம் புகைக்குள் இருப்பதுபோல் கலங்கியிருந்தது. கண்ணீர் நிற்கவில்லை.

அவன்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனான். "லேசர் செய்யும்போது கருவிழி மேல திறந்து மூடிய மெல்லிய படலம் விலகிடுச்சு. உடனே வந்ததால தப்பிச்சீங்க" என்ற டாக்டர், தூசியைக் கழுவி, படலத்தைத் திரும்பப் பொருத்தினார். பார்வை திரும்பும்வரை நான் பட்ட பயம் சொல்லி மாளாது.

கண் அரித்தால் கை இன்றும் தானாக எழுகிறது. மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன். லேசர் செய்யப் போவதாக யார் சொன்னாலும், "எத்தனை நாள் லீவு போட்டிருக்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.