ஒட்டாத தகட்டை ஒட்டினேன்

இரண்டு இரும்புப் பாகங்கள் தொடுகிற இடத்தில் ஒட்டியிருக்குமா, வழுக்குமா, விலகுமா என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தப்பாகச் சொல்லிக்கொடுத்தாலும் அது அழகாகக் கலர்ப்படம் போட்டுத் தந்துவிடும் என்பது என்னைப்போல் இதில் மாட்டிக்கொண்ட உங்களுக்குத் தெரியாததா?

க்ரெஷ் மூடுவதற்குள்

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்கிற அண்ணாச்சி ஒருவருக்காக, முதுகுப்பலகையைத் தாங்கும் தகட்டுக்குக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். தகடு, சட்டத்தோடு இரண்டு போல்ட்டில் நிற்கிறது. பாரம் ஏறினால் விளிம்பு விலகலாம். கம்ப்யூட்டரில் அதை விலக விட்டால் கணக்கு விடை தராமல் பாதியில் நின்றுவிடுகிறது. நாலு தடவை நின்றது. மகளை விட்டிருக்கும் கரமனை க்ரெஷ் ஐந்து மணிக்கு மூடிவிடும். கணக்கில் தகட்டையும் சட்டத்தையும் ஒரே இரும்பு மாதிரி ஒட்டிவிட்டேன். பத்தே நிமிஷத்தில் விடை வந்தது, தாங்கும் என்று. பக்கத்து சீட் சிந்து சேச்சி எட்டிப் பார்த்து, பாராட்டுகிற மாதிரி மலையாளத்தில் கிண்டலடித்தாள்: "ஒட்டிச்சோ? கொள்ளாம் மோளே, இனி அண்ணாச்சிக்குப் போல்ட்டே வேண்டாம் கேட்டோ!"

ஆறாவது மூட்டை

அண்ணாச்சியின் பட்டறையில், நானும் பார்த்துக்கொண்டிருக்க, தாங்குகிறதா என்று கட்டில்மேல் மணல் மூட்டைகளை அடுக்கினார்கள். ஆறாவது மூட்டையில் தகட்டு விளிம்பு விலகி, போல்ட் வளைந்தது. அண்ணாச்சி, போல்ட் மாட்டிய மணியைப் பிடித்துக்கொண்டார். "ஒழுங்கா முறுக்கலியாலே? மேடம் கணக்குல தாங்கும்னுல்லா இருக்கு!" அங்கேயே அவர் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி வைத்துவிட்டு, பெயின்ட் அடிக்க அனுப்பினார்.

விலகியது நான் ஒட்டிய அதே விளிம்பு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. 'சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம்' என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். மணி வாசல்வரை வந்தார்: "மேடம், நான் முறுக்கினேன். ரெண்டு தடவ முறுக்கினேன்."

மூன்று நாள்

ஒட்டாமல், பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி மறுபடி கணக்குப் போட்டேன். மூன்று நாள் பிடித்தது. பட்டறையில் பார்த்த அதே இடைவெளி ஸ்கிரீனிலும் வந்தது. படத்தை எடுத்துக்கொண்டு தம்பானூரில் பஸ் பிடித்துப் பட்டறைக்குப் போய், எல்லோர் முன்னாலும் சொன்னேன்: மணி முறுக்கியது சரி, என் கணக்குத்தான் தப்பு, தகடு இன்னும் கனமாக வேண்டும். அண்ணாச்சி ஸ்பேனரை எடுத்து மணியிடம் நீட்டினார். மணி பெயின்ட் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: "அண்ணாச்சி நம்பாதது போகட்டும் மேடம், மூணு நாளா என் கைய நானே நம்பல."

இப்போதெல்லாம் எதை ஒட்டினாலும் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்திலேயே 'இங்கே ஒட்டியிருக்கிறேன்' என்று எழுதிவிடுகிறேன். அதை வரி விடாமல் படிக்கிற ஒரே ஆள் மணிதான்.