படகுக்காரியின் பொக்கை வாய்

பல் செட் செய்யும் பட்டறையில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் மனைவியும் கோபம் வந்தால் அப்படித்தான் கூப்பிடுவாள். இருபத்திரண்டு வருடம் ஒரே மேசை, ஒரே முக்காலி. பல் மருத்துவர்கள் அனுப்பும் பிளாஸ்டர் அச்சைப் பார்த்து மெழுகில் பல்லைச் செதுக்குவது அவர் வேலை. பல்லுக்குச் சொந்தக்காரரை அவர் பார்த்ததே கிடையாது. தாடை அச்சைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிவிட்டு, "இந்த அம்மா ஒரு பக்கமாத்தான் மெல்லுவாங்க" என்பார். மருத்துவரிடம் கேட்டால் அது சரியாகத்தான் இருக்கும்.

நாற்பத்து நான்கு வயதில் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கூடவே கையெழுத்தும் சிறுத்துக்கொண்டே போனது. செய்த பல்லைப் போட்டு அனுப்பும் டப்பாவின் மேல் ஒட்டும் சீட்டில் அவர் எழுதியதை யாராலும் படிக்க முடியவில்லை. நரம்பு மருத்துவர் அவரை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், ஒரு தாளில் சுருள் வரையச் சொன்னார். அவர் வரைந்த சுருள் விரியவே இல்லை. கொசுவர்த்தியின் கடைசித் துண்டு மாதிரி நடுவிலேயே நின்றுவிட்டது. நடுக்குவாதம் என்றார் மருத்துவர். மாத்திரையால் கட்டுக்குள் வைக்கலாமே தவிர, குணமாக்க முடியாதாம்.

பட்டறை முதலாளி நல்ல மனிதர். வேலையை விட்டு நிறுத்தவில்லை. வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, அச்சோடு வருகிற டப்பாக்களை வாங்கி உள்ளே அனுப்பச் சொன்னார். பதினொரு மணிக்கு வந்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். "உக்காந்த இடத்துல வேலை, குடுத்து வச்ச மனுஷன்" என்று மற்றவர்கள் சொல்லும்போது மாஸ்டர் சிரித்து வைப்பார். உள்ளே அவருடைய மேசையில் வேறொருவர் செதுக்கும் சத்தம் வாசல்வரை கேட்கும். வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூடப் பிடிக்காது.

அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு. கம்ப்யூட்டரில் படம் வரைகிறேன் என்று அடம்பிடித்து ஒரு பேனா டேப்லெட் வாங்கினாள். இரண்டே வாரம். அப்புறம் அது நோட்டுப் புத்தகங்களுக்கு அடியில் போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பழைய காகிதம் எடுத்துப் போடும்போது அது மாஸ்டர் கண்ணில் பட்டது.

"இதுல எப்படிம்மா வரையறது?"

மகள் கம்பியைச் சொருகிக் காட்டினாள். அவர் ஒரு கோடு இழுத்தார். ரம்பப் பல் மாதிரி வந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இருங்கப்பா. கோட்டைச் சீராக்க இதுல ஒரு வசதி இருக்கு. கை ஆடினாலும் அது இழுத்துப் பிடிச்சுக்கும்" என்று அவள் அதைக் கடைசிவரை ஏற்றிவிட்டாள்.

அவர் ஒரு கடைவாய்ப் பல்லின் வெளிக்கோட்டை வரைந்தார். பேனா முன்னே போக, கோடு கண்ணிமைக்கும் நேரம் தாமதித்துப் பின்னால் வந்தது. ஆனால் ஒரு பிசிறு இல்லை.

"இது நான் போட்டதா?"

"நீங்கதாம்ப்பா."

எழுந்து குளியலறைக்குப் போனவர் வெகுநேரம் குழாயைத் திறந்தே வைத்திருந்தார். வெளியே தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மகள் போனில் விளையாடும் கேம்களை அவர் அதுவரை திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இப்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இந்த ஆளுங்களை எல்லாம் யாரு வரையறாங்க?" என்று கேட்டார். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் தானும் செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. ஆரம்பம் படுமோசம். உடம்பு, சட்டை, முகம் எல்லாவற்றையும் லேயர் என்கிற ஒரே அடுக்கில் வரைந்துவிட்டு, சட்டை நிறத்தை அழித்தால் கழுத்தும் சேர்ந்து போனது. வரைந்த முகங்கள் எல்லாம் இடது பக்கமே பார்த்தன. எல்லோர் வாயிலும் அப்பழுக்கில்லாத முப்பத்திரண்டு பல்.

"என்னப்பா, எல்லாரும் டூத்பேஸ்ட் விளம்பரத்துக்கு வந்த மாதிரி இருக்காங்க" என்றாள் மகள்.

தொடக்கக்காரர்கள் படங்களைப் போட்டுக் கருத்துக் கேட்கும் ஒரு இணையக் குழுவில் அவரையும் சேர்த்துவிட்டாள். உங்கள் ஆட்கள் எல்லோரும் ஏன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருக்கிறார்கள் என்று அங்கே ஒருவர் கேட்டார். கை வரைவது கடினம், புதிதாக வரைகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் ஒளிப்பார்கள் என்று இன்னொருவர் பதில் போட்டார். மாஸ்டருக்குக் கையைப் பார்க்கவே பிடிக்காமல் போயிருந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. அதன்பிறகு ஒரு மாதம், நடுங்காத தன் இடது கையைப் பார்த்துப் பார்த்துக் கையாகவே வரைந்து தள்ளினார். முதலில் உருவம் முழுவதையும் கருப்பாக நிரப்பு, அந்தக் கருப்பிலேயே ஆள் யார் என்று தெரிந்தால்தான் கண் மூக்குக்குப் போ என்று ஒருவர் சொன்னார். அது அவருக்கு உடனே பிடிபட்டது. முகம் பார்க்காமல் ஆளைக் கண்டுபிடிப்பதுதானே அவர் இத்தனை வருடம் செய்த வேலை!

காலை ஆறரைக்கு மனைவி மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்து வைப்பாள். அவள் மருந்துக் கடையில் பில் போடுகிறவள். நேரம் தவறமாட்டாள். ஏழரைக்குக் கை அடங்கும். பத்து மணிவரை அவர் வரைவார். "அப்பாவுக்கு ரெண்டு டேப்லெட். ஒண்ணு முழுங்க, ஒண்ணு வரைய" என்று மகள் கேலி செய்வாள். அந்த வருடம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது உண்மை.

அப்போதுதான் படகுக்காரியை வரைந்தார். ஆற்றைக் கடத்திவிடும் கிழவி. கீழ்த்தாடையில் இடது பக்கம் ஒரு பல்கூட இல்லை. பல் போன பக்கம் கன்னம் எப்படி ஒட்டும், உதடு எப்படி உள்ளே மடங்கும், சிரித்தால் எந்தப் பக்கம் இழுக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. குழுவில் அதைப் பார்த்த ஒரு பெண் அவரைத் தேடி எழுதினாள். அவளும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருந்தார்கள்.

"சார், இந்த அம்மா எங்க கேமுக்கு வேணும். இதே மாதிரி இன்னும் அஞ்சு பேர். ஒவ்வொருத்தருக்கும் முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம். முடியுமா?"

"முடியும் மேடம்" என்றார்.

அன்று மனைவி, "உடம்பைப் பத்திச் சொல்லிடுங்களேன்" என்றாள்.

"சொன்னா பாவம் பார்த்துக் குடுத்த மாதிரி ஆயிடும். இது பாவத்துக்கு வந்த வேலை இல்லையே."

மூன்று பேரைச் சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுத்தார். நான்காவது ஆளில் சிக்கல் தொடங்கியது. மாத்திரை சில நாள் எட்டரைக்குத்தான் வேலை செய்தது. சில நாள் ஒன்பதுக்கே விட்டுவிட்டது. மருத்துவர் அளவைக் கூட்டினார். கோட்டின் நடுக்கத்தைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. ஆனால் கை சுருங்குவதற்கு அதனிடம் மருந்தில்லை. பெரிய திரையில் அவர் வரைந்த உருவங்கள் கட்டைவிரல் அளவுக்குக் குறுகின. அவற்றை இழுத்துப் பெரிதாக்கி அனுப்பினார். கோடுகள் எல்லாம் மங்கிப்போய் இருந்தன.

அந்தப் பெண் போன் செய்தாள். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. இதை வேற யார்கிட்டயாவது குடுத்து வரைய வைக்கிறீங்களா? முதல்ல செஞ்ச கை மாதிரி இல்லை."

"அதே கைதான் மேடம்" என்றார் மாஸ்டர். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

அவள் அழுதுவிட்டாள். இரண்டு வாரம் பொறுத்தும் பார்த்தாள். ஆனால் கேம் வெளியாகும் தேதி நெருங்கிவிட்டது. மீதி ஆட்களை வேறொரு ஓவியருக்குக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே கையில் வரைந்த மாதிரி இருக்கவேண்டும் என்று பழைய மூன்று பேரையும் படகுக்காரியையும் அந்த ஓவியரே திரும்ப வரைந்தார். மாஸ்டருக்குப் பேசியதை முழுதாகவே கொடுத்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேம் வெளிவந்த அன்று மகள் பள்ளியிலிருந்து ஓடிவந்து போனில் இறக்கினாள். மூவரும் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார்கள். ஆறு வந்தது, படகு வந்தது. கிழவி திரும்பிச் சிரித்தாள். கன்னம் மொழுமொழுவென்று இருந்தது. வாய் நிறையப் பல்.

"யாரோ இவளுக்குப் பல்லு கட்டி விட்டுட்டாங்க" என்றார் மாஸ்டர்.

மகள் சிரித்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். கடைசியில் ஓடிய நன்றிப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அதைப் படம் பிடிக்கப் போனவளை, "வேண்டாம்மா" என்று தடுத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் எட்டு மாதம் வரைந்தார். யாருக்கும் காட்டவில்லை. கோடே இல்லாமல், பெரிய பெரிய கருப்பு உருவங்கள் மட்டும். மழைக்காலம் முடிவதற்குள் பேனாவைப் பிடிக்கவும் முடியாமல் போனது. பட்டறை வேலையையும் விட்டுவிட்டார். மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். மருந்துக் கடைக்குக் கிளம்புமுன் மனைவியே அவருக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள். குரலும் மெலிந்துவிட்டது. அவர் பேசினால் பக்கத்தில் போய்க் காது கொடுக்கவேண்டும்.

போன மாதம் அந்தப் பெண்ணிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அடுத்த கேமில் ஒரு வயதான வாத்தியார் வருகிறார், படத்தை அனுப்பியிருக்கிறேன், வாய் சரியாக வரவில்லை, என்ன தப்பு என்று சொல்ல முடியுமா சார், என்று கேட்டிருந்தாள்.

மனைவி போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். மேல்வரிசைப் பல் போனால் மேலுதடு உள்ளே போகும். மூக்குக்கும் வாய்க்கும் நடுவே உள்ள தூரம் நீண்ட மாதிரித் தெரியும். தாடை முன்னே வரும். அவளுக்குப் பாதி புரியவில்லை.

"என்ன? எது முன்னே வரும்?"

"தாடை."

"சத்தமாச் சொல்லுங்க."

"தாடை" என்றார் மறுபடியும், அதே குரலில்.

கடைக்கு நேரமாகிவிட்டது. எழுத்துப் பிழைகளோடு அப்படியே அனுப்பிவிட்டுக் கிளம்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் ஒரு படம் மட்டும். பதில் வந்ததா என்று அவர் கேட்டதால் மனைவி அதைக் கொண்டுவந்து காட்டினாள்.

"பாத்துட்டாங்க போல" என்றார்.