எண்ணெய் பூசிய அம்புமுனைகள்

நீலத் தகரப் பிஸ்கட் பெட்டி அது. மன்னார் அக்கா அதைச் சங்கத் தலைவரின் காரின் முன்மூடியில் வைத்துத் திறந்தார். உள்ளே பழைய துவாய் விரித்து இரும்புத் துண்டுகளை அடுக்கியிருந்தார். அம்புமுனைகள், குதிரை லாடத்து ஆணிகள், குதிரையைக் குத்தி ஓட்டச் சப்பாத்தின் குதியில் கட்டுகிற முள் ஒன்று. எல்லாம் கம்பித் தூரிகையால் துரு போகத் தேய்த்துத் தேங்காயெண்ணெய் பூசியவை. வயல்வெளிக் குளிரில் எண்ணெய் வெள்ளையாக உறைந்து கிடந்தது. அக்காவின் முகத்தில் அப்படியொரு சந்தோசத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகும் கண்டதில்லை.

நானும் அவரும் ஜேர்மனியில் கொலோன் நகருக்கு வெளியே ஒரு தோட்ட முதலாளியிடம், வெங்காயத்தாள் மாதிரியான லீக்ஸ் பிடுங்கினோம். நான் யாழ்ப்பாணம், அவர் மன்னார். வயதில் மூத்தவர், அதனால் அக்கா. கார்த்திகை மழையில் ரப்பர் சப்பாத்தில் சேறு ஏறிக் கால் கனக்கும். பேச்சு குறைவு. அக்காவின் மகன் ஊரில் கடைசிச் சண்டையில் போனவன். செத்தது தெரியும், கூட நின்றவன் கண்டிருக்கிறான். எங்கே கிடக்கிறான் என்பது தெரியாது. போய்ப் பார்த்தாலும் இதுதான் இடம் என்று காட்ட ஒன்றுமில்லை. அவனுடைய சாமான் ஒன்றுகூடத் தாயின் கைக்கு வரவில்லை. இதை அக்கா ஒருமுறைதான் சொன்னார். நான் திருப்பிக் கேட்கவில்லை.

நாங்கள் வேலை செய்த வயலும் சண்டை நடந்த இடம்தான். பல நூறு வருசத்துக்கு முன் ஒரு பேராயரின் படையும் ஒரு பிரபுவின் படையும் அங்கே மோதினவாம். அந்த நிலத்தில் கட்டடம் ஏறாமல் பார்ப்பதற்கும், நடந்ததைச் சனத்துக்குச் சொல்வதற்கும் ஊரில் சிறிய சங்கம் ஒன்று இருந்தது. தலைவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஞாயிறுகளில் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வயலோரமாக நடப்பார். வருகிறவர்களில் பாதிப்பேர் நாயை நடத்த வந்தவர்கள். அவர் அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. வயல் மூலையில் நின்ற கற்சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு பலகை நட்டார். அதை நான் அக்காவுக்கு வாசித்துச் சொன்னேன். செத்தவர்களில் பெரிய குடும்பத்து ஆட்களுக்கு மட்டும் பெயர் போட்டிருந்தது.

"மற்றப் பெடியளுக்குப் பேர் இல்லையோ?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா."

அந்த வருசம், செத்தவர்களை நினைக்கிற சகல ஆன்மாக்களின் நாளில் அக்கா சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்தினார். ஆர் எவர் எண்டு தெரியாமல் கொளுத்திறியளே என்றேன்.

"என்ரை பிள்ளைக்கும் ஆரோ தெரியாத ஒருத்தி கொளுத்தட்டும் எண்டுதான்."

நான் பேச்சை மாற்றினேன். "பேராயரே கவசம் போட்டுக் குதிரையில வந்தவராம்."

"எங்கடை பங்குச் சாமிக்குச் சைக்கிளே ஓடத் தெரியாது," என்றார். அன்றைக்குச் சிரித்தார்.

வயலில் கல்லோ இரும்போ கண்டால் பொறுக்கி வாளியில் போடவேண்டும், இல்லாவிட்டால் மெசின் உடையும். அது தோட்டத்துச் சட்டம். வாளி நிறைந்தால் பழைய இரும்புக்காரனிடம் போகும். பலகை வந்தபிறகு அக்கா வாளியில் போடுவதை விட்டார். செத்தவனின் சாமானைக் குப்பையில் போடக்கூடாது என்பது அவருடைய எண்ணம். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய், தேய்த்து, எண்ணெய் பூசி வைத்தார். வருசத்தில் அந்த ஒருநாள் பெட்டியைக் கொண்டுவந்து சிலுவையடியில் திறந்து வைப்பார். எனக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. பிணத்தைக் குளிப்பாட்டுவது மாதிரித்தான் பட்டது.

பிறகு முதலாளிக்கு இயலாமல் போயிற்று. ஒரு பெரிய கொம்பனி களஞ்சியம் கட்ட நிலத்தைக் கேட்டது. சங்கம் எதிர்த்தது. சண்டை இந்த நிலத்தில்தான் நடந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றது அரச அலுவலகம். உலோகம் தேடும் கருவியோடு ஆட்கள் நாள்கணக்காக நடந்தார்கள். வீதிக்கு மறுபக்கம் கருவி கத்தியது. எங்கள் பக்கம் ஊமையாக இருந்தது. கேள்விப்பட்டதும் அக்கா ஓடிவந்தார். "என்னட்டை இருக்குதே தம்பி. வாரும், குடுத்து நிலத்தைக் காப்பாத்துவம்."

அப்படித்தான் அந்தப் பெட்டி காரின்மேல் வந்தது. தலைவர் நெடுநேரம் பார்த்தார். ஒன்றை எடுத்தார், கையுறையில் எண்ணெய் ஒட்டியது. ஒவ்வொன்றும் எங்கே கிடந்தது என்று கேட்டார். அக்கா முழுக்கையையும் நீட்டி வயல் முழுவதையும் காட்டினார். தலைவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். இரும்பு சாட்சி சொல்லாது, கிடந்த இடம்தான் சொல்லும் என்றார். எது எங்கே விழுந்தது என்று தெரிந்தால், ஆர் எங்கே நின்றான், எந்தப் பக்கம் ஓடினான் என்று நிலத்தைப் பார்த்தே அறியலாமாம். இப்போது இவை எந்த ஊரிலிருந்தும் வந்திருக்கலாம். அவர் டொச் மொழியில் சொன்னதை நான்தான் அக்காவுக்குத் தமிழில் சொன்னேன். மெல்லமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. உள்ளபடி சொன்னேன்.

அக்கா மூடியை மூடினார். "அப்ப அவங்கள் விழுந்த இடத்தை நான்தான் அழிச்சுப்போட்டன்."

பெட்டியைத் தலைவர் அரும்பொருளகத்துக்குக் கொடுத்தார். நாங்கள் லீக்ஸ் பிடுங்கப் போனோம்.

வீதிக்கு மறுபக்கம் பாதுகாத்த நிலமாயிற்று. எங்கள் பக்கம் கொங்கிறீற் விழுந்தது. சிலுவையைப் பெயர்த்துப் போக்குவரத்துச் சுற்றுவட்டத்தின் நடுவில் நட்டார்கள். அங்கே வந்து கொளுத்துங்கோ என்று அக்காவைக் கூப்பிட்டுப் பார்த்தேன். "அங்கை ஒருத்தரும் விழேல்லை," என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கேயும் கொளுத்தவில்லை. நான் இப்போது அந்தக் களஞ்சியத்துக்குள்தான் பெட்டி அடுக்குகிறேன். தரை வழுவழுப்பு. நடக்கும்போது ஒன்றும் தோன்றுவதில்லை என்று சொன்னால் பொய்.

போன பனிக்காலம் அக்கா டோர்ட்மண்டில் மகள் வீட்டில் மோசம்போனார். கல்லறைக் கல்லில் தாயின் பெயருக்குக் கீழே தன் தம்பியின் பெயரும் வேண்டும் என்று மகள் கேட்டாள். மயான அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். இவர் இங்கே அடக்கமா என்று அங்கிருந்த பெண் கேட்டாள். இல்லை என்றாள் மகள். அப்போ எங்கே என்று அவள் கேட்டாள். வேண்டுமென்று கேட்கவில்லை, அது அவளுடைய வேலை. "இடம் இல்லை," என்றேன் நான். அவள் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

இந்த நாட்டில் கல்லறைக்கும் தவணை உண்டு. தவணை முடிந்தால் கல்லை எடுத்துவிடுவார்கள். அதுவரை அவனுக்கு அங்கே ஒரு வரி இருக்கிறது. பேரும் பிறந்த வருசமும் செத்த வருசமும் மட்டும்.