பாதி பாதியாய்ப் பிட்ட மாத்திரை

தபோராவுக்கும் டொடோமாவுக்கும் இடையே பஸ் ஓட்டும் நியமிசியைப் பயணிகள் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். வழியில் பெண்கள் ஒதுங்க நல்ல இடம் கிடையாது. அதனால் ஸ்டியரிங்கைப் பிடித்தால் ஊர் போய்ச் சேரும்வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கமாட்டாள். நாக்கு வறண்டால் ஊபுயு மிட்டாய் ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொள்வாள். இப்படியே பதினாறு வருஷம் ஓட்டிவிட்டாள்.

போன ஜூலையில் மன்யோனி ஊரைத் தாண்டும்போது வலது விலாவில் யாரோ கத்தியைச் சொருகித் திருகினாற்போல் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினாள். சாவியை மாற்று ஓட்டுநரிடம் கொடுத்துவிட்டு, டொடோமா வரை பின் சீட்டில் சுருண்டு படுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகத்தில் கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கல்.

"கத்தியே வேண்டாம். வெளியிலிருந்து அதிர்வலை அனுப்பி உடைச்சிடலாம்" என்றார் டாக்டர் ம்ப்வாம்போ. "ஆனா கல்லை அடிக்கிற அடி பக்கத்துச் சதையிலயும் கொஞ்சம் படும். அந்தக் காயத்தை சி, இ வைட்டமின் மாத்திரை குறைக்குமான்னு ஒரு ஆராய்ச்சி பண்றோம். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு சும்மா மாவு மாத்திரை. யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. இஷ்டம் இருந்தா சேரலாம்."

"டாக்டருக்கே தெரியாதா? அப்ப சரி, சேர்றேன்" என்றாள் நியமிசி.

பக்கத்துக் கட்டிலில் தையல்காரி சிக்குதானி. அவளுக்கும் கல், அவளும் ஆராய்ச்சியில் சேர்ந்தவள். நர்ஸ் மாத்திரைகளைக் கொடுத்துவிட்டுப் போனதும் இருவரும் உள்ளங்கையை நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நிறம், அளவு எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன.

"உன் மூஞ்சிக்கு மாவுதான் வந்திருக்கும்" என்றாள் சிக்குதானி.

"போடி. பஸ்ஸு ஓட்டுறவளுக்குக் கொடுக்காம, உக்காந்து தைக்கிறவளுக்கா கொடுப்பாங்க?"

நியமிசிக்கு அதற்குமேல் மனசு கேட்கவில்லை. தனக்கு நிஜமானது வந்து, பாவம் இவளுக்கு மாவு வந்திருந்தால்? மாத்திரையைப் பாதியாகப் பிட்டு நீட்டினாள். "நீயும் பிட்டுக் கொடு. ரெண்டு பேருக்கும் ஆளுக்குப் பாதி நல்லது நடக்கட்டும்." மாத்திரை கொடுத்த நாலு நாளும் அப்படியே நடந்தது.

நடுவில் அதிர்வலை வைத்தியமும் ஆயிற்று. ரப்பர் வளையத்தை இழுத்து இழுத்து முதுகில் அடித்தாற்போல் இருந்தது, அவ்வளவுதான். மறுநாளே கல் மணல் மணலாக வெளியேறத் தொடங்கியது.

ஐந்தாம் நாள் டாக்டர் நோட்டுடன் வந்தார். "எல்லா மாத்திரையும் முழுசா சாப்பிட்டீங்களா?"

சிக்குதானி கூரையைப் பார்த்தாள். நியமிசிக்குப் பொய் தொண்டைவரை வந்தது, வெளியே வரவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டாள்.

டாக்டர் கட்டிலின் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். "உங்க ரெண்டு பேர் கணக்கும் இனி உதவாதும்மா. கலந்துட்டா எது வேலை செஞ்சதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?" கோபமாகத்தான் ஆரம்பித்தார், ஆனால் அந்த முகத்தில் கோபம் தங்கவில்லை. "ஆளுக்குப் பாதியா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

நியமிசியால்தான் சிரிக்க முடியவில்லை. "நல்லதுன்னு நெனச்சு உங்க வேலையக் கெடுத்துட்டேன். இனிமே கடையில வாங்கியாவது முழுசா சாப்பிடட்டுமா?"

"வேண்டவே வேண்டாம். சி வைட்டமின் மாத்திரையை இஷ்டத்துக்கு முழுங்கினா அதுவே சிலருக்குக் கல்லைக் கூட்டும். நீங்க தண்ணி குடிங்க, போதும்."

வீடு திரும்பிய பின் ஓட்டும்போதும் நியமிசி தண்ணீர் குடிக்கிறாள்; அவள் ஒதுங்கிவிட்டு வர, கிடைத்த இடத்தில் பஸ் இருமுறை நின்று போகிறது. முணுமுணுக்கும் பயணிகளிடம், "என் விலாவக் கடன் தரேன், ஒரு நாள் வச்சுப் பாக்கறீங்களா?" என்று கேட்பாள்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் போன் செய்தார். இன்னும் இரண்டு ஜோடி நோயாளிகள் மாத்திரையைப் பங்குபோட்டுச் சாப்பிட்டார்களாம். "நான் சொன்னா தலையாட்டுறாங்க, அப்புறம் பிட்டுக்கறாங்க. நீங்க வந்து சொல்லுங்களேன்."

அன்றிலிருந்து டொடோமாவில் வண்டி நிற்கும் வியாழக்கிழமைகளில் நியமிசி அந்த வார்டுக்குப் போகிறாள். புதிதாகச் சேர்ந்தவர்கள் முன் இடுப்பில் கை வைத்து நின்று தன் கதையைச் சொல்வாள்.

"உங்களுக்கு வந்தது நிஜ மாத்திரையான்னு தெரிஞ்சுதா அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இன்னிவரைக்கும் தெரியாது. நான் ஒழுங்கா முழுங்கியிருந்தா உனக்குச் சொல்ல இவங்ககிட்ட இன்னொரு கணக்கு இருந்திருக்கும். நீ முழுங்கு. உனக்கடுத்து வர்றவளுக்காவது தெரியட்டும்."

அந்தப் பெண் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டாள். நியமிசி ஒரு தம்ளர் தண்ணீரை அவளுக்கு நீட்டினாள்.