உப்புப் பிடித்த மூன்று பந்துகள்

என் ஜெராக்ஸ் கடை மேசையில், ஸ்டாப்ளருக்குப் பக்கத்தில், பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்று இருக்கிறது. மூன்று அறைகள், அறைக்கு ஒரு நீலப் பந்து, பக்கத்தில் நெளிநெளியாக ஒரு குழாய். ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் கொடுப்பார்களே, மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும், அதுதான். வானூர் தாலுகா ஆபீசுக்கு வருகிறவர்கள் ஆதாரையும் பட்டாவையும் நகலெடுக்க நீட்டிக்கொண்டே, இதென்னம்மா இவ்வளவு அழுக்காக இருக்குது என்று கேட்பார்கள். அழுக்கு இல்லை, உப்பு என்பேன். கழுவக் கூடாதா என்று அடுத்த கேள்வி வரும். கழுவ மாட்டேன். எங்கள் வீட்டுக்காரர் ஒரு தடவை பைப்படிக்கு எடுத்துக்கொண்டு போனார். நான் போட்ட சத்தத்தில் அப்படியே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

டப்பா என் அக்காவுடையது. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கல்யாணமான நாளிலிருந்து மரக்காணம் உப்பளத்தில் வேலை. ஒரு காலத்தில் இடது மார்பில் கட்டி வந்து, மார்பை எடுத்து, கீமோ ஏற்றி, முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, அத்தனையும் பார்த்துவிட்டு அடுத்த தை மாதமே திரும்பிப் போய்ப் பாத்தியில் நின்றாள். அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துவிட்டதால் அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அதில் ஊசி போடக் கூடாது, பிரஷர் பார்க்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் உப்புக் கூடை சுமப்பதை விட்டுவிட்டு, பாத்திக்குத் தண்ணீர் திருப்புவது, குவியலுக்கு ஓலை போடுவது என்று வேலையை மாற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதெல்லாம் இடது மணிக்கட்டில் சிவப்புப் புடவைக் கிழிசல் ஒன்றைக் கட்டிக்கொள்வாள். நர்சு மறந்து அந்தக் கையைப் பிடித்தாலும் துணியைப் பார்த்தால் நிறுத்துவார் அல்லவா? இந்த யோசனையை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

நாலு வருஷம் நல்லபடியாகப் போனது. அப்புறம் ஒரு செக்கப்பின்போது டாக்டரம்மா எங்கள் குடும்பத்தைப் பற்றி விசாரித்தார். அம்மா எப்படி இறந்தார் என்று கேட்டார். வயிறு உப்பிச் செத்துப்போனாள், ஊரில் மகோதரம் என்றார்கள், நாங்களும் அப்படியே நம்பினோம் என்று நான்தான் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அக்காவைப் பார்த்தார். ரத்தம் எடுத்து எங்கேயோ அனுப்பினார்கள். வழிவழியாக வருகிற ஜீன் கோளாறு அக்காவுக்கு இருப்பதாகப் பதில் வந்தது. மார்பில் வந்தது போலவே சினைப்பையிலும் வரலாம், வந்தால் முற்றும் வரை வெளியே தெரியாது, அம்மாவுக்கு வந்ததும் அதுவாகவே இருந்திருக்கலாம், அதனால் வருவதற்கு முன்பே இரண்டு பக்கச் சினைப்பையையும் எடுத்துவிடுவது நல்லது என்றார் டாக்டரம்மா.

வீட்டில் ஒரே ரகளை. அக்கா வீட்டுக்காரர் மாமா நல்ல மனுஷன்தான், அவளுடைய கீமோ காலத்தில் சோறு வடித்தவர்தான். ஆனாலும் அவருக்கு இது பிடிபடவில்லை. நோவு இல்லை, கட்டி இல்லை, ஸ்கேனில் ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறதை எதற்கு அறுக்க வேண்டும் என்று தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்திக் கேட்டார். உண்மையைச் சொன்னால் எனக்குள்ளும் அதே கேள்விதான். அது புரட்டாசி மாதம். உப்பளத்தில் விளைந்ததையெல்லாம் கரையில் குவித்து, மழைக்கு முன்னால் பனையோலை போட்டு மூடிக்கொண்டிருந்தார்கள். அக்கா வேலை முடிந்து வந்து காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவிக்கொண்டே மாமாவிடம் சொன்னாள்.

"வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல. நாள் பூரா ஓலை போட்டுட்டு வர்றேன். மழை வந்தப்புறமா போடச் சொல்றியா?"

மாமா அதற்கப்புறம் தெருவில் யாரையும் நிறுத்திக் கேட்கவில்லை. அவரும் உப்பளத்துக்காரர்தான்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். மாதவிலக்கு அன்றோடு நிற்கும். திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும், வியர்க்கும், தூக்கம் கெடும், எலும்பு பலவீனமாகும். மற்றவர்களுக்கு அதற்கு ஹார்மோன் மாத்திரை கொடுக்கலாம், மார்பில் புற்றுநோய் வந்தவளுக்குக் கொடுக்க முடியாது. அக்கா, சித்திரை வெயிலில் பாத்தியில் நிற்கிறதைவிடவா கொதிக்கும் என்று கேட்டாள். டாக்டரம்மா சிரித்துவிட்டார். பிறகு, அது வேறு மாதிரி சூடு, வந்ததும் சொல்லுங்கள், வழி இருக்கிறது என்றார். அக்கா சரி என்று தலையாட்டினாள். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், வலது கையில். கடைசியில் அந்த டப்பாவைக் கொடுத்தார்கள். கீமோ ஏற்றிய உடம்பு, மயக்க மருந்துக்கு நெஞ்சு பலமாக இருக்க வேண்டும், தினம் பத்துப் பத்துத் தடவை இழுங்கள், சுத்தமாகக் கழுவி வையுங்கள் என்றார்கள். அக்கா முதலில் ஊதினாள். ஊதக் கூடாது, இழுக்க வேண்டும் என்று நர்சு சொன்னதும் இழுத்தாள். இரண்டு பந்து ஏறி நின்றது. அப்படி ஒரு பூரிப்பு அவள் முகத்தில்.

மறுநாளே டப்பா உப்பளத்துக்குப் போய்விட்டது. டீ குடிக்கிற நேரத்தில் ஆளுக்கொரு தரம் இழுத்துப் பார்த்திருக்கிறார்கள். கூட வேலை செய்கிற ஒருத்தி மூன்றையும் ஏற்றினாளாம், இன்னொருத்தி சிரித்துச் சிரித்து ஒன்றைக்கூட ஏற்றவில்லையாம். போனில் அக்கா இதைச் சொல்லும்போது, கண்டவர்கள் வாய் வைத்ததில் நீயும் வாய் வைக்கிறாயா என்று கத்தினேன். நன்றாகக் கழுவித்தான் வைக்கிறேன் என்றாள். எந்தத் தண்ணீரில் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். குடிதண்ணீரை வீட்டிலிருந்து கேனில் சுமந்து போகிற இடம் அது. கை, கால், சோற்று டப்பா எல்லாவற்றுக்கும் பாத்தித் தண்ணீர்தான். அதிலும் கீமோவில் வாய் புண்ணானபோது உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னது ஆஸ்பத்திரிதான். அதனால் இருப்பதிலேயே கரிப்பான, நாளைக்கு உப்பாக உறையப் போகிற தண்ணீராகப் பார்த்து டப்பாவை முக்கி எடுத்து, வரப்பில் வெயிலில் காயவைத்திருக்கிறாள். தினமும். பந்தைச் சுற்றியும் குழாய்க்குள்ளும் வெள்ளையாகப் பூத்தது அவள் கண்ணில் படவேயில்லை. உப்பளத்தில் எது வெள்ளையாகப் பூக்காமல் இருக்கிறது?

மூன்று நாளில் இரண்டு பந்து ஒன்றானது. அடுத்த நாள் அந்த ஒன்றும் விரல் அகலத்துக்கு மேல் ஏறவில்லை. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. போனில் கேட்டால் இழுக்கிறேன், இழுக்கிறேன் என்பாள். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தபோது முகம் இறங்கியிருந்தது. பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, பெண்ணின் சர்டிபிகேட் இது, ரேஷன் கார்டு இது என்று என்னிடம் காட்டினாள். எனக்கென்று ஒரு புத்தி இருக்கிறதே! பெண்மை போகிறதே என்று கவலைப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, பெற்ற பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், இனி அது இருந்தால் என்ன போனால் என்ன என்று அரை மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு எனக்கு மீன்குழம்பு ஊற்றினாள். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பதினொரு மணிக்கு மூச்சுப் பயிற்சிக்கான பெண் வந்து, டப்பாவை எடுங்கம்மா, இழுத்துக் காட்டுங்க என்றாள். அக்கா என்னைப் பார்த்து, போய் டீ வாங்கி வா என்றாள். அவள் குரலில் ஏதோ சரியில்லை. நான் கதவு வரைக்கும் போய்த் திரும்பி நின்றேன். அக்கா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, குழாயைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. இழுத்துக்கொண்டே இருந்தாள். உள்ளே சின்னதாக நொறுங்குகிற சத்தம் கேட்டது. முதல் பந்து மெல்ல எழும்பி, விரல் அகலம் ஏறி, விழுந்தது. மூச்சு வாங்க அந்தப் பெண்ணிடம் சொன்னாள்.

"பதினோரு நாளா இவ்ளோதான் பாப்பா. நெஞ்சுக்குப் போயிட்டுதுன்னு எனக்குத் தெரியும். அதுக்காக நாளைக்கு ஆபரேஷன நிறுத்திடாதீங்க."

அந்தப் பெண் டப்பாவை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். முதல் பந்து மட்டும் நகர்ந்தது, மற்ற இரண்டும் ஒட்டியபடியே இருந்தன. குழாய்க்குள் நகத்தை விட்டுச் சுரண்டினாள், பொலபொலவென்று உப்பு உதிர்ந்தது. இதையா இழுத்தீர்கள் என்று இரண்டு தடவை கேட்டாள். ஓடிப்போய்ப் புது டப்பா ஒன்றைக் கொண்டுவந்தாள். அக்கா பழைய வேகத்திலேயே அதையும் இழுத்தாள். மூன்று பந்தும் ஒரே நேரத்தில் மேலே போய் முட்டின. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். அக்கா குழாயை வாயிலிருந்து எடுக்காமல் பந்துகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மார்பை எடுத்தபோதுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை.

சாயங்காலம் அவளுக்குத் தலை வாரிவிடும்போது கேட்டேன். நுரையீரலுக்குப் போய்விட்டது என்று நினைத்தவள் எதற்காக இந்த ஆபரேஷனுக்கு வந்தாய், அதுவும் யாருக்கும் சொல்லாமல்?

"சொன்னா இத தள்ளிப் போட்டுடுவாங்க. திருடன் ஒரு வழியா பூந்துட்டான்னா, இன்னொரு கதவையும் தொறந்தே போட்டுடுவோமா? இழுத்தா இழுத்த வரைக்கும்னுதான் தெனம் இழுத்தேன்."

நான் வாரிக்கொண்டே இருந்தேன். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள்தான். பத்தாவது கூடத் தாண்டாதவள், நான் ஃபாரம் பூர்த்தி செய்து கொடுத்தால் கையெழுத்து மட்டும் போடுகிறவள். அன்றைக்கு அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு, யார் இவள் என்று பிரமித்து நின்றேன். அந்தப் பிரமிப்பு எனக்கு இன்னும் போகவில்லை.

மறுநாள் தாலியையும் மெட்டியையும் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மஞ்சள் கயிறும் சிவப்புத் துணியுமாக உள்ளே போனாள். வயிற்றில் மூன்று துளை, அவ்வளவுதான். எடுத்ததைச் சோதித்துப் பார்த்ததில் ஒன்றும் இல்லை என்று ரிசல்ட் வந்தது. ஒன்றும் இல்லாததற்கா இத்தனை பாடு என்று மாமா இழுத்தார். ஒன்றும் இல்லை என்று கேட்பதற்காகத்தான் போனேன் என்றாள் அக்கா. உடம்புச் சூடு வந்தது, சித்திரை வெயிலை விடக் கொடுமைதான் என்று ஒப்புக்கொண்டாள். பேச்சுக்கு நடுவில் விசிறியை எடுத்துக்கொள்வாள், பேச்சை நிறுத்த மாட்டாள். அடுத்த பட்டத்துக்குப் பாத்தியில் நின்றாள். உப்புப் பிடித்த டப்பாவைக் குப்பையில் போட இருந்தவளிடமிருந்து நான் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

தங்கையும் அதே சோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா அப்போதே சொல்லியிருந்தார். ஒரு வருஷம் சாக்குச் சொன்னேன். கடையை யார் பார்ப்பது, ஆடி போகட்டும், பொங்கல் போகட்டும். கடைசியில் கொடுத்தேன். எனக்கும் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை எனக்கு ஆபரேஷன். புது டப்பா வந்திருக்கிறது, நல்ல தண்ணீரில் கழுவுகிறேன், இரண்டு பந்து ஏறுகிறது.

நேற்று மத்தியானம் அக்கா கடைக்கு வந்திருந்தாள், கூடவே தங்கி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதற்காக. அவள் முன்னாலேயே பழைய டப்பாவைத் துடைத்து வாயில் வைத்து இழுத்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்ததுதான் மிச்சம், ஒரு பந்தும் அசையவில்லை. கொடுடி இங்கே என்று அக்கா வாங்கினாள். நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, அன்றைக்குப் போலவே இழுத்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. பந்து அசையவில்லை. மறுபடியும் இழுத்தாள். அசையவில்லை. டப்பாவை மேசையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு எப்டிடி இழுத்தேன்?" என்று என்னைக் கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும்? பழையதை ஸ்டாப்ளருக்குப் பக்கத்தில் அதன் இடத்தில் வைத்தேன். புதுசை எடுத்து, இன்னும் பத்துத் தடவை இழுக்க ஆரம்பித்தேன்.