கருப்பர் பெயர் இல்லாத வண்டி

என் வண்டியின் பின்கண்ணாடி மூன்று வருஷம் மொட்டையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் அது சாதாரண விஷயம் இல்லை. லோடு ஆட்டோவிலிருந்து பள்ளிக்கூட வேன் வரைக்கும் ஏதாவது ஒரு சாமி துணைக்கு ஏறியிருக்கும். காரைக்குடி ஸ்டேஷன் வாசலில் நிற்கிற மற்ற டிரைவர்கள் என் வண்டியைப் பார்த்துவிட்டு, சாமியோடு சண்டையா என்று கிண்டல் செய்வார்கள். சாமியோடு எனக்கு ஒன்றும் இல்லை. சண்டை மாமியாரோடுதான்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். அவர் அனுப்புவது பழைய கடன்களுக்கே போய்விடும். நான் டாக்ஸி ஓட்டலாம் என்று முடிவு செய்து பேங்குக்குப் போனால், வருமானத்துக்குக் காகிதம் கேட்டார்கள். வண்டி ஓட்டினால்தானே வருமானம், வருமானம் இருந்தால்தான் வண்டியா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். கடைசியில் ஒரு கம்பெனி வண்டியைக் குத்தகைக்குக் கொடுத்தது. மாதாமாதம் வாடகை. மூன்று வருஷக் கெடு முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அல்லது சர்வீஸ் தவறாமல் நடந்து, வண்டியும் நல்லபடியாக இருந்தால், முன்பே பேசின விலைக்கு நாமே வாங்கிக்கொள்ளலாம். கீறலுக்கு அபராதம், ஸ்டிக்கர் ஒட்டினாலும் அபராதம். எனக்கு அந்த வண்டி வேண்டும். சொந்தமாக வேண்டும். அதற்கான காசு கையில் இல்லை, அவ்வளவுதான்.

வண்டி எடுக்கப் போன அன்றைக்கே ஷோரூம் பெண் ஆரம்பித்துவிட்டாள். பெயிண்ட் மேலே ஒரு பூச்சு, அடியில் துருப்பிடிக்காமல் இருக்க இன்னொரு பூச்சு, சீட் கவர், முன்னால் இடி தாங்க ஒரு கம்பி. எல்லாவற்றுக்கும் மேலே, நாலாவது வருஷத்திலிருந்து தொடங்குகிற வாரண்டி ஒன்று. நாலாவது வருஷம் இந்த வண்டி யார் வீட்டில் நிற்குமோ, யார் கண்டது!

என் மாமியார் ஒரு காலத்தில் ஒக்கூர்ப் பக்கம் குத்தகை நிலத்தில் வரிசையாகத் தென்னங்கன்று வைத்தவர். குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினாராம். பாளை விட்ட வருஷம் நிலத்துக்காரர் நிலத்தைத் திருப்பிக் கேட்டுவிட்டார். தான் வைத்த மரத்தில் ஒரு இளநீர்கூடக் குடிக்கவில்லை என்று இன்றைக்கும் சொல்லுவார். அது என் காதில் கிடந்தது.

"வண்டி என்னுதுன்னு ஆகட்டும்மா, வெள்ளிக் கொலுசே போட்டு விடுறேன். இப்ப ஒண்ணும் வேணாம்" என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டாள்.

அவள் சொன்ன விலைகளை மட்டும் மறக்கவில்லை. எதையெல்லாம் வேண்டாம் என்றேனோ, அதனதன் விலையை போஸ்ட் ஆபீஸ் கணக்கில் போட ஆரம்பித்தேன். கையில் வைத்துக்கொண்டா போட்டேன்? வண்டி ஓட ஓடத்தான் போட்டேன்.

சர்வீஸை ஒரு தடவைகூடத் தள்ளிப் போட்டதில்லை. ஆயில், பிரேக் இதிலெல்லாம் கஞ்சத்தனம் பார்த்தால் வண்டி நடுரோட்டில் உட்கார்ந்துவிடும். ஆனால் அங்கேயும் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றை நீட்டுவார்கள். எஞ்சினை உள்ளே கழுவ வேண்டும், ஏசிக்கு மருந்து அடிக்க வேண்டும் என்பார்கள். நான் வண்டியோடு வந்த புத்தகத்தை எடுத்து மேஜைமேல் விரித்து வைப்பேன்.

"இந்தக் கிலோமீட்டருக்கு இதுல என்ன போட்டிருக்கோ, அத மட்டும் செய்யுங்க தம்பி."

"எல்லாரும் செஞ்சுக்கிறாகக்கா."

"செய்யட்டும். நான் எங்க வேணாம்னேன்?"

வைப்பர் ரப்பரை வெளிக்கடையில் வாங்கி நானே மாட்டினேன். ஏசி ஃபில்டரைப் போனில் வீடியோ பார்த்துக் கழற்றினேன். முதல் தடவை டேஷ்போர்டு டப்பா அப்படியே என் மடியில் வந்து விழுந்தது. சுத்தம் செய்து மாட்டி, ஏசியைப் போட்டுக் காற்று வந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. காலையில் சவாரிக்குக் கிளம்பும்போதே டயருக்குக் காற்றுப் பார்த்துவிடுவேன். புங்க மர நிழலில் நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீரில் நானே துடைப்பேன்.

இரண்டாவது வருஷம் ஒருநாள், திருக்கோஷ்டியூர் சவாரி முடித்து வந்து மத்தியானம் அசந்து தூங்கிவிட்டேன். எழுந்து பார்த்தால் பானெட் முழுக்கச் சந்தனம், குங்குமம். பின்கண்ணாடியில் சிவப்பும் மஞ்சளுமாக, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக, 'கருப்பர் துணை' ஸ்டிக்கர். மாமியார் கையைத் துடைத்துக்கொண்டு பெருமையாக நிற்கிறார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. வெந்நீரும் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்து உரிக்க ஆரம்பித்தேன்.

"கருப்பரையே கழட்டுற. ரோட்டுல உனக்கு யாரு தொணை?" என்றார்.

கெடு முடிகிற வரைக்கும் எதுவும் ஒட்டக் கூடாது என்று பக்குவமாகத்தான் சொல்லிப் பார்த்தேன். கேட்டால்தானே.

"அப்ப உன்னுதுன்னு ஆகட்டும். அன்னைக்கு ஏறுறேன்."

சொன்னபடியே செய்தார். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் டவுன் பஸ்தான். பஸ் ஸ்டாப்பில் அவர் நிற்பார், நான் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு போவேன், அவர் வானத்தைப் பார்ப்பார். ஒருநாள் அவர் ஏறின பஸ்ஸுக்குப் பின்னாலேயே காலி வண்டியில் வீடு வரைக்கும் வந்தேன். ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் விடியக்காலையில் நான் கிளம்பும்போது திருநீற்றை எடுத்துக்கொண்டு தயாராக நிற்பார். வண்டிக்குப் பூச முடியாததையெல்லாம் என் நெற்றியில் பூசினார்.

கெடு முடிந்தது. கம்பெனியிலிருந்து வண்டியைப் பார்க்க ஒருவர் வந்தார். டார்ச் அடித்து, குனிந்து, நிமிர்ந்து, போனில் படம் எடுத்துக்கொண்டே சுற்றினார். பின்கண்ணாடியில் ஏதோ புள்ளி என்று நினைத்து, துடைப்பதற்காக வாயால் ஊதினார். ஊதின ஆவியில் 'கருப்பர்' என்று எழுத்து எழுந்து வந்தது. எத்தனை எண்ணெய் போட்டுத் தேய்த்திருப்பேன்! மூன்று வருஷப் பாடு இந்த ஒரு கண்ணாடியில் போகப் போகிறது என்று நினைத்தேன். அவர் இங்குட்டும் அங்குட்டும் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு கைக்குட்டையால் அழுத்தித் துடைத்துவிட்டு, அடுத்த கதவுக்குப் போய்விட்டார்.

வண்டியில் குறை இல்லை என்று எழுதினார். போஸ்ட் ஆபீஸ் கணக்கில் இருந்தது போதுமாக இருந்தது. என்னாலேயே நம்ப முடியவில்லை.

ஆர்.சி. என் பெயருக்கு மாறி வந்த அன்று, மாமியார் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இனிமே யாரும் வந்து திருப்பிக் கேக்க மாட்டாகல்ல?"

"மாட்டாக, அத்த."

உள்ளே போய்ப் புதுச்சேலை மாற்றிக்கொண்டு வந்தார். கையில் இன்னொரு 'கருப்பர் துணை'. அன்றைக்கே இரண்டாக வாங்கியிருக்கிறார், மனுஷி! கோணலாகத்தான் ஒட்டினார். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, ஒக்கூருக்கு விடு என்றார்.

அந்தத் தென்னைகள் நெடுநெடுவென்று வளர்ந்து நின்றன. தோப்பு ஓரத்தில் ஒருவர் இளநீர் குவித்து விற்றுக்கொண்டிருந்தார். இந்தத் தோப்புக் காய்தானா என்று மாமியார் இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றார் அவர். நான் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினேன்.

"காசு குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன், அத்த."

அதற்கப்புறம்தான் வாயில் வைத்தார்.