கற்பூரத்தில் அடித்த சத்தியம்

என் மகனுக்குச் சைக்கிள் போட்டிதான் தொழில். இத்தாலியில் மூன்று கிழமை தொடர்ந்து நடக்கும் நீளப் போட்டி ஒன்றை ஓடிவிட்டு நோபல் பார்க்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு எலும்பும் தோலுமாய் வந்தான். வருடத்துக்கு அப்படி ஒன்று போதாதா? சாமியறையில் எரிந்த கற்பூரத்தை அடித்து அணைத்து, "இந்த வருசம் இனி நீளப் போட்டி ஓடமாட்டன், அம்மா" என்று சத்தியம் செய்தான். பிறகு ஸ்பெயினுக்குப் பயிற்சிக்கென்று போனான்.

கோயிலில் ஒரு அன்ரி, "உங்கட மகன் ஸ்பெயினில நடக்கிற மூண்டு கிழமைப் போட்டியிலயும் ஓடுறான், ரீவியில பார்த்தனாங்கள்!" என்று சந்தோசமாகச் சொன்னார்.

வீட்டில் கணவரைக் கேட்டேன்.

"ஓம், எனக்குத் தெரியும். ஓடாட்டி அடுத்த வருசம் குழுவில வச்சிருக்க மாட்டினமாம். சொன்னா நீர் அழுவீர்."

இருவரும் சேர்ந்தே மறைத்திருக்கிறார்கள். அந்தப் பொய்ச் சத்தியத்தின் பாவம் பிள்ளையைத் தொடாமல் என்னைச் சேரட்டும் என்று முருகனைக் கும்பிட்டேன். அவன் அழைத்தால் போனை எடுக்கத்தான் இன்னும் மனம் வரவில்லை.